வலது பக்கம் வந்து போகிறவர்

ஒக்டோபர் 8, திங்கள்

விடியவே புழுக்கம். மழை வருமாப் போல் காட்டிவிட்டு இராமேஸ்வரப் பக்கம் போய்விட்டது. தோட்டவெளியிலிருந்து கந்தோருக்கு வேலைக்கு வரும் வழியில் சைக்கிளின் பின் சில்லில் காற்று இல்லை. பாதி தூரம் உருட்டினேன்.

இன்றிலிருந்து கொழும்புக்குக் கோப்பு அனுப்பும் வேலையும் என் தலையில். இதுவரை ரவி செய்தது. காணாமற்போனவர்களைப் பற்றிக் குடும்பங்கள் சொல்வதை நான் தட்டுவேன், குடும்பத்துக்கு ஒரு கோப்பு. ரவி அவற்றைக் கொழும்புக் கணினியில் கொண்டுபோய் வைப்பான். முசலியிலிருந்து இடம்பெயர்ந்த சனத்திடம் விபரம் எடுக்க மடிக்கணினியோடு போனவன் திரும்பவில்லை. இன்றைக்குப் பத்தொன்பது நாள். இப்போது அவனுக்கும் ஒரு கோப்பு, 37ஆவது. அதையும் நான்தான் தட்டினேன்.

கொழும்பிலிருந்து நிமால் (இனி நி.) தொலைபேசியில் சொல்லித் தந்தார். தமிழைத் தேடித் தேடிப் பேசுகிற மனிதர். எனக்கோ பொறுமை இல்லை. குறித்துக்கொண்டவை:

– கோப்புகளைக் காட்டும் அதே திரைதான். இரண்டு பெட்டி. இடது எங்கள் கணினி, வலது கொழும்பு.
– முகவரி, பெயர், கடவுச்சொல். ஆளுக்கு ஒரு பெயர்: எனக்கு ஒன்று, ரவிக்கு ஒன்று.
– 'பாஸிவ்' கட்டத்தில் சரி போடுவது. போடாவிட்டால் உள்ளே விடும், ஆனால் வலது பெட்டி வெறுமையாகவே கிடக்கும்.
– விசைகள்: எஃப் ஐந்து கொப்பி. எஃப் எட்டு அழிக்கும். எட்டின் பக்கம் விரல் போகக்கூடாது.
– கொழும்புக் கணினியின் மணிக்கூடு அரை மணி பிந்தி. அந்த வித்தியாசத்துக்கும் ஒரு கட்டம்.

கடவுச்சொல் கேட்கவே இல்லை, ரவி சேமித்து வைத்திருக்கிறான். சேமிக்கச் சொன்னது நான். லைன் அறும்போதெல்லாம் அதை ஆர் திரும்பத் திரும்பத் தட்டுவது? எழுதி வைத்திருக்கவும் வழியில்லை. எழுத்தும் இலக்கமும் கலந்த துண்டுக் கடதாசி சோதனைச் சாவடியில் பிடிபட்டால் அது என்ன இரகசியம் என்று அரை நாள் வெயிலில் நிற்கவேண்டும். மன்னாரில் ஒருவரும் அப்படியொன்றைப் பையில் கொண்டு திரிவதில்லை. 'மடிக்கணினியிலயும் சேமிச்சு விடும் ரவி' என்றேன். மறுபேச்சில்லாமல் செய்தான்.

நாலாந்தரம் இணைந்தது. அனுப்பி முடிய இடது 37, வலது 37. நானே கைதட்டாத குறை.

ஒன்று மட்டும். வலது பக்கத்தில் 22ஆம் கோப்புக்கு நேற்றைய திகதி. நேற்று ஞாயிறு, கந்தோர் பூட்டு. அரை மணி வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தேன். அரை மணியால் ஞாயிறு திங்களாகாது.

9, செவ்வாய்

பாண் பழசு. சம்பல் உறைப்பு.

9.10க்கு இணைந்தேன். இடது 37, வலது 37. லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் புதுப்பித்தேன். வலது 36.

விரல் எஃப் எட்டில் படவில்லை, சத்தியமாக. இரண்டு கையும் மடியில் இருந்தது. போனது 22.

நி.க்கு அடித்தேன். 'மிஸ், நீங்க உள்ளுக்கு இருக்கு. இன்னும் ஒரு ஆளும் இருக்கு. ரவி பேர்ல.'

'எப்ப?'

'இப்ப, மிஸ்.'

வலது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. கதிரைக்குப் பின்னால் ஆள் நிற்பது போல் கழுத்துக் கூசியது. ஐந்து நாளாக இதே 9.10க்கு ரவியின் பெயரில் வருகிறதாம். ஏதோ ஒரு தொலைபேசி லைன், இடம் தெரியாதாம்.

பிறகுதான் உறைத்தது, ரவி உயிரோடு. 9.10 அவனுடைய நேரம்தானே. கந்தோரை நடத்துகிற பாதரின் அறைக்கு ஓடினேன், ஒரு செருப்பு வழியில் கழன்றுவிட்டது. பாதர் சந்தோசப்படவில்லை.

'ரவியெண்டால், பிள்ளை, ஏன் ஒரு சொல்லும் எங்களுக்கு எழுதேல்ல? ஏன் அழிக்கிறார்?'

எரிச்சல் வந்தது. நல்ல செய்தியைக் கொண்டு போனவளுக்கு இதுவா மறுமொழி?

10, புதன்

பிலோமினா வந்தா. 22ஆம் கோப்பு அவவுடையது. மகனைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் முகத்தை வேலிக்குள்ளால் கண்டவ.

'பிள்ளை, நான் ஒண்டும் காணேல்ல எண்டு எழுதும்.'

ஏன் என்று கேட்டேன். நேற்றுப் பின்னேரம் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வந்து முற்றத்தில் நின்று ஒரு கடதாசியை வாசித்தார்களாம்.

'நான் உமக்குச் சொன்னது, பிள்ளை. சொல்லுக்குச் சொல். நடுவில நான் அழுததெண்டு நீர் எழுதினீராம், அதையும் வாசிச்சவங்கள்.'

ஓம், எழுதினேன். அடைப்புக்குறிக்குள், 'அழுகிறார்' என்று.

மடிக்கணினி எவர் கையிலோ. அதில் என் சொல்கேட்டுச் சேமித்த கடவுச்சொல். திறந்தால் போதும், முப்பத்தேழு வீட்டுக்கும் வழி.

பாதர்: 'இண்டைக்கே மாத்துங்கோ.'

மாற்றியிருக்க வேண்டும். ஆனால் ரவியின் மனைவி செல்வி வந்து நின்றாள். 9.10 கதை எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. மலையகத் தேயிலைத் தோட்டக்காட்டிலிருந்து பாப்பாமோட்டை, பாப்பாமோட்டையிலிருந்து இங்கே என்று பிறந்ததிலிருந்து மூட்டை கட்டினவள். கதிரை காட்டியும் இருக்கவில்லை.

'அக்கா, அது அவருதான். கம்ப்யூட்டர் வேலைக்காகத்தான் அவர உசுரோட வச்சிருப்பாங்க. நீங்க கதவச் சாத்திட்டா அப்புறம் எதுக்கு வச்சிருக்கப் போறாங்க?'

வலது பக்கத்துக் கோப்புகளை எடுத்து ஒளித்தாலும் அவனைத்தானே உதைப்பார்கள். பாதரிடம் இரண்டு நாள் கேட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார், பிறகு சரி என்றார். முப்பத்தேழு குடும்பத்தின் உயிரில் இரண்டு நாள் கடன் கேட்டவள் நான். இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

11, வியாழன்

காற்று. கந்தோர்க் கூரைத் தகடு ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

9.10. வலது 36, புதுப்பிக்க 35. இந்தமுறை 9ஆம் கோப்பு, பாப்பாமோட்டைக் கூலிக் குடும்பம். பாதர் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். பத்தரைக்குள் குடும்பத்தைச் சட்டி பானையோடு கோயில் வளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். பதினொன்றுக்கு அவர்களின் வீட்டுக்கு மோட்டார்சைக்கிள் வந்ததாம்.

மத்தியானம் சோற்றை மூடி வைத்துவிட்டுத் திரும்ப இணைந்தேன்.

எஃப் ஏழு புதுக் கோப்புறை உண்டாக்கும் என்று நி. சொன்னது ஞாபகம் வந்தது. வலது பக்கத்தில், ரவியின் இடத்திலேயே, ஒன்று உண்டாக்கினேன். தமிழ் எழுத்து அங்கே கேள்விக்குறியாகிவிடும், அதனால் இங்கிலீசு எழுத்தில் பெயர் வைத்தேன்: 'ரவியோ'.

ஆவியைக் கூப்பிடுகிறவள் மாதிரி இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன்.

12, வெள்ளி

8.50க்கே இணைந்துவிட்டேன். செல்வி பின்னால் நின்றாள். வரவேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

9.05. 'ரவியோ' அப்படியே இருக்கிறது.

9.10. அப்படியே.

9.12. இல்லை. அந்த இடத்தில் வேறொரு கோப்புறை. அதுவும் இங்கிலீசு எழுத்தில்: 'அக்கா பூட்டுங்க'.

உரத்து வாசித்துவிட்டேன். செல்வி என் தோளைப் பிடித்தாள். இன்னொருதரம் புதுப்பித்தேன், அதுவும் போய்விட்டது. பக்கத்தில் நிற்கிறவன் காணுமுன் அழித்திருக்கிறான். இருவரும் ஒருதரம்தான் கண்டோம். கண்டோம்.

பிடித்து வைத்திருக்கிறவன் பூட்டு என்று சொல்வானா? ரவிதான். அங்கேதான் இருக்கிறான். தன்னை வெளியே விட்டுப் பூட்டச் சொல்கிறான்.

செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'அவரு சொன்னா செய்யுங்க அக்கா.'

நி. இரண்டு நிமிடத்தில் கடவுச்சொல்லை மாற்றினார். 'ரவி பேர வெட்டவா மிஸ்?'

'பேர் இருக்கட்டும்.'

என் கணினியில் சேமிப்புக் கட்டத்திலிருந்த சரியையும் எடுத்தேன். இனி ஒவ்வொரு தரமும் மனப்பாடமாகத் தட்டுவது. மூன்றுதரம் பிழைத்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

15, திங்கள்

மழை. பிலோமினா தமக்கை வீட்டுக்குப் போய்விட்டா, நல்லது. இடது 37, வலது 37, எல்லாம் திரும்ப அனுப்பியாயிற்று.

நி.: '9.10 ரவி பேர்ல வந்திச்சு. விடல்ல. மூணு தரம் தட்டிப் பாத்திருக்கு.'

செல்வியிடம் சொன்னேன். சிரித்தாள். மூன்றுதரம் கதவு தட்டக்கூடிய அளவுக்கு இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

16, செவ்வாய்

9.10. ஒருதரம்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், சவர்க்காரம், சைக்கிள் ரியூப்.

17, புதன்

9.10 போனது. 9.30, 10. நி.யை மூன்றுதரம் எடுத்தேன், மனிதர் கோபிக்கவில்லை. 'இண்டைக்கு ஒருத்தரும் வரல்ல மிஸ்.' மணிக்கூட்டு வித்தியாசமாக இருக்குமோ என்றேன். இல்லை என்றார், மெதுவாக.

பத்தரைக்குச் செல்வி வந்தாள். வாசலிலேயே நின்றாள், குடையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

'வந்தாரா அக்கா?'

'ஓம். வந்தவர்.'

'எத்தன தரம்?'

'மூண்டு தரம்,' என்றேன்.