புதுக் கம்ப்யூட்டரும் முப்பத்திரண்டு புள்ளிகளும்

திருப்பனந்தாள்,
ஞாயிறு காலை

அன்புள்ள இசை,

இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். நீயும் நலம்தான் என்று நேற்று போனை வைத்ததும் அப்பா சொன்னார், இருந்தாலும் நானும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறது, புனேயில் குளிர் ஆரம்பித்துவிட்டதா, அந்த இருமல் விட்டதா. தினமும் போனில் பேசுகிறோமே, சித்தி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். கூரியரில் உனக்கு ஒன்று அனுப்ப வேண்டியிருந்தது, அதோடு இதையும் வைக்கிறேன். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது சில விஷயங்கள் எனக்குச் சொல்ல வருவதில்லை. சம்பாப் பயிருக்கு மேலுரம் போட அப்பா காத்திருக்கிறார், மழை விட்டால்தானே. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு மூன்று நாள் வயலில் தண்ணீர் நின்றது. ஆளாளுக்கு இறங்கி அள்ளிப் போட்டதும் வடிந்துவிட்டது, பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை நினைத்துக் கவலைப்படாதே.

கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலை எடுத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஜெக்கரியா கடைக்கே போனோம், பழையதைப் பத்து வருஷம் உயிரோடு வைத்திருந்தவர் அவர்தானே. பட்டியலை மேலிருந்து கீழே ஒருதரம் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு இதைக் கல்யாண ஆல்பம் பண்றதுக்கு எழுதுச்சா, ராக்கெட் விடறதுக்கு எழுதுச்சா அக்கா" என்றார். நீ சொன்ன பெரிய கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கும் வீடியோவுக்கும்தான், உங்களுக்குத் தேவையில்லை என்றார். நான் அப்படியே விட்டுவிடவில்லை, மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் எடுத்த படங்களில் மணல் மணலாக இருப்பதை நீக்க இப்போது கார்டுதான் வேலை செய்கிறது என்று சொன்னேன், கடைசியில் நடுத்தரமான ஒன்றுக்கு இருவரும் ஒத்துக்கொண்டோம். பிராசசர் நீ சொன்னதேதான். ராம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆனாலும் முப்பத்திரண்டு ஜிபிக்குக் கீழே இறங்கவில்லை, நானூறு படத்தை ஒன்றாகத் திறந்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது. எஸ்எஸ்டி ஒன்று, முடித்த வேலைகளைப் போட்டுவைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. வயலில் போர் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது நம் தெருவில் வோல்டேஜ் எப்படி விழும் என்று உனக்குத் தெரியும், அதனால் யுபிஎஸ்ஸிலும் பவர் சப்ளையிலும் மட்டும் பேரம் பேசவில்லை. அப்பாவுக்குக் கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட்தான் பிடித்துவிட்டது, அதைவிட்டு நகரவேயில்லை. படத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் நீலமும் மாறி மாறி எரிந்தால் புடவையின் நிறம் என் கண்ணுக்குத் தப்பும் என்று நான் சொன்னதும், "அப்ப லைட்டை மட்டும் கழட்டிக் குடுப்பா, மாட்டுக் கொட்டாயில மாட்டிக்கிறேன்" என்றார். "பால் கலர் கலரா கறக்கும் மாமா" என்றார் ஜெக்கரியா. கடையில் எல்லாரும் சிரித்தார்கள், ஒருவாறு கறுப்புப் பெட்டியோடு வந்தோம்.

மானிட்டரில்தான் தயங்கி நின்றேன். நிறத்தைச் சரியாகக் காட்டுகிறது என்று நீ எழுதியிருந்த இருபத்தேழு அங்குலத்தையே வாங்கினேன், நல்ல பொருள்தான். ஆனால் அதன் எதிரே நின்றபோது போனில் நீ சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. "மத்ததுல கஞ்சத்தனம் பண்ணாலும் மானிட்டரை நல்லதா வாங்குங்க சித்தி, பழசுல எங்கம்மா மச்சமே உங்களுக்குத் தெரியலை" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த நொடியே யுபிஎஸ்ஸுக்குப் போய்விட்டாய். அப்போது என் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், மாடு அப்போதுதான் குடித்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் உன் அம்மாவின் நினைவு நாளுக்காக நான் சரிசெய்து சட்டம் போட்ட அந்தப் படத்தைப் பார்த்து நீ "நல்லா இருக்கு சித்தி" என்று சொன்னாய், பிரதி ஒன்று தருகிறேன் என்றபோது பெட்டியில் இடமில்லை என்றாய். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். படத்தில் மச்சம் இல்லாததை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அப்பாவைக் கேட்டேன். "பதினஞ்சு நாள் குனிஞ்சு உக்காந்து செஞ்சே, எப்படிச் சொல்றது? அவளும், வேணாம்ப்பா, சித்தி மனசு கஷ்டப்படும்னுட்டா" என்றார்.

இசை, மானிட்டர் மேல் பழி போட நீ எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாய். அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பழைய திரையில் மச்சம் நன்றாகவே தெரிந்தது. ஓடு ஒழுகி நனைந்து பூசணம் பிடித்த படம் அது, முகத்தில் மட்டும் முப்பத்திரண்டு புள்ளிகள், எண்ணித்தான் வேலையை ஆரம்பித்தேன். கன்னத்தில் மூக்கோரம் இருந்த புள்ளி மற்றவற்றைவிடக் கொஞ்சம் உருண்டையாக இருந்தது, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கை ஒரு கணம் நின்றதுகூட ஞாபகம் இருக்கிறது. யாரையாவது கேட்கலாமா என்று தோன்றியது. நான் உன் அம்மாவைப் பார்த்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பேரை நானாக எடுத்துப் பேசியதும் இல்லை. கேட்டால் உங்கள் இருவருக்கும் நோகும் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் எனக்குத்தான் கூச்சம். கேட்காமல் அழித்தேன். ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும் பத்துப் பேரிடம் விசாரித்தவள், பக்கத்து அறையில் இருந்தவரிடம் ஒரு முகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மானிட்டரும் அதை எனக்குச் சொல்லியிருக்காது.

கண்ணாடியோடு ஒட்டியிருந்த மூலப்படத்தை ஸ்கேன் எடுத்தபிறகு பிரிக்கப் பார்த்துக் கிழித்ததும் நான்தான், அது உனக்குத் தெரியும். உன் அம்மாவின் வாக்காளர் அட்டையில் இருப்பது வெறும் நிழல். ஆக, தொடாத முகம் அந்த ஸ்கேனில் மட்டும்தான், அதுவோ தீபாவளி வாரத்தில் நின்றுபோன பழைய கம்ப்யூட்டருக்குள். ஜெக்கரியா டிஸ்க்கை வெளியே எடுத்து வேறொன்றில் மாட்டினார், டிக் டிக்கென்று சத்தம். "மூச்சு வாங்குது அக்கா. எவ்வளவு நேரம் ஓடும்னு சொல்ல முடியாது, எது ரொம்ப முக்கியமோ அதை முதல்ல சொல்லுங்க" என்றார். உள்ளே திருவிடைமருதூர் கல்யாணம் நானூற்றுச் சொச்சம் படம் முடித்து வைத்திருந்தேன், ஆல்பம் அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். நான் கண்ணாத்தாள் என்று உன் அம்மா பேர் போட்ட ஃபோல்டரைச் சொன்னேன். அது வந்துவிட்டது. கல்யாணத்தில் தாலி கட்டுகிறவரைக்கும் வந்தது, அதோடு டிஸ்க் அடங்கிவிட்டது. மீதியைக் கேமரா கார்டிலிருந்து மறுபடி செய்துகொண்டிருக்கிறேன், புது மெஷினில் சீக்கிரம் ஓடுகிறது. பெண் வீட்டாரிடம் நாலு நாள் தவணை கேட்டிருக்கிறேன், கோபம்தான், பரவாயில்லை.

கூரியரில் இருப்பது அந்த ஸ்கேனின் பிரிண்ட். ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. மேலே ஒரு டிரேசிங் தாள் ஒட்டியிருக்கிறேன். புதுத் திரையில் முதலில் திறந்தது இந்தப் படத்தைத்தான், அப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தத் தடவை கேட்டேன். மச்சத்தை உடனே தொட்டுக் காட்டினார். ராத்திரியில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நீ தூங்குவாய் என்றார், இத்தனை வருஷத்தில் உன் அம்மாவைப் பற்றி அவர் என்னிடம் முழுசாகச் சொன்ன முதல் சேதி அது. பிறகு புருவத்துக்குக் கீழே இருக்கும் இன்னொரு புள்ளியில் விரலை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. "இது தெரியலை. இசையைக் கேளு, அவதான் கிட்டக்கப் பார்த்தவ" என்றார். அதனால் உன்னைக் கேட்கிறேன். உன் அம்மாவுடையது எதுவோ அதைத் தாளில் வட்டமிட்டு அனுப்பு, வட்டம் இல்லாததை மட்டும்தான் அழிப்பேன். எதையும் அழிக்க வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுது, பூசணத்தோடே சட்டம் போடுகிறேன். இப்போது சுவரில் இருப்பதை எடுக்கட்டுமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். அவசரமில்லை, உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது.

வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு வெந்நீரோடு நிறுத்திக்கொள்ளாமல் டாக்டரைப் பார். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருக்கும் வேண்டியது அவ்வளவுதான். பிரிண்டோடு ஒரு பென்சிலும் வைத்திருக்கிறேன், நான் புத்தகத்தில் கோடு போடுவதற்கு வைத்திருக்கும் மெத்தென்ற பென்சில்தான். மறக்காமல் அதிலேயே குறி, பேனா வேண்டாம். சரியாக ஞாபகம் வராமல் தப்பாகப் போட்டுவிட்டால், அழித்துவிட்டு மறுபடி போடலாம்.

உன் சித்தி,
வானதி