பூப்பந்து மைதானத்தில் உன் இடம்

அன்பு மகன் பரிதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், குறுவை அறுப்பு முடிந்து தாளடிக்கு நாற்று விட்டாகிவிட்டது. நீ ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்குத் திரும்பிவிட்டாய் என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது. பாரம் தூக்காதே.

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் அங்கே வரும் தாவூது மாமாவின் மருமகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் தாத்தா காலத்தில் ஆரம்பித்த நம் பூப்பந்துக் கழகத்தின் வழக்கம் உனக்குத் தெரியும், ஆடுகிறவர் யாராவது செத்தால் மறுநாள் சாயங்காலம் ஒரு பக்கம் நாலு பேர்தான் நிற்பார்கள், ஐந்தாவது இடம் அவருக்காகக் காலியாக இருக்கும். தாவூது மாமா கதையை மட்டும் உனக்குச் சொன்னதில்லை. அவர் துபாயில் இறந்துவிட்டார் என்று தப்புச் செய்தி வந்து, கழகமும் அவர் இடத்தைக் காலியாக விட்டு ஆடிவிட்டது. மனுஷன் முழுசாக ஊர் வந்து சேர்ந்தார். மட்டையோடு தன் இடத்துக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பினார். அங்க ஏற்கனவே ஒருத்தன் நிக்கிறான் மச்சான், என்னாட்டமே இருக்கான் என்றார். அன்றிலிருந்து அவருக்கு பெஞ்சுதான்.

போன வாரம் உன் கட்டடத்தில் சாரம் சரிந்த செய்தி வந்தது, உன் போனும் அடிக்கவில்லை. எந்தப் படுபாவி வாட்ஸாப்பில் போட்டானோ, நீ இல்லை என்றே ஊர் பேசிவிட்டது. மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் நாலு பேர் நிற்கிறார்கள், உன் இடது பின்பக்கம் காலி. செயலாளர் கண்ணுசாமி விசிலை ஊதிவிட்டான். டேய், எம்புள்ள உசுரோட இருக்கான்டா என்று கத்திக்கொண்டே செருப்புக் காலோடு போய் உன் இடத்தில் நின்றுகொண்டேன். அதற்குள் ஒரு பந்து என் தலைக்கு மேலே போனது, என் கையில் மட்டைகூட இல்லை. எனக்குப் பின்னால் அடி விழுந்த சத்தம் கேட்டது, பந்து வலையைத் தாண்டித் திரும்பிப் போனது. ஐயோ பரிதி, உன் இடது கை அடியேதான். பெஞ்சிலிருந்து தாவூது மாமாதான், திரும்பிப் பாக்காதீங்க மச்சான், எடத்த விட்றாதீங்க என்றார்.

அதற்கடுத்த நாள்தான் உன் குரலைக் கேட்டோம். ஆனாலும் தினமும் சாயங்காலம் நான் அங்கேதான் நிற்கிறேன், வாக்கிங் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால்தான் கெஞ்சுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை விடாதே, மகாலிங்கசாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். லீவு கிடைத்ததும் வந்துவிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. மைதானத்தில் எனக்கு முன்னால் வந்து நின்று கூப்பிடு. பின்னாலிருந்து, தள்ளிக்குங்கப்பா என்று தினமும் உன் குரல் கேட்கிறது, நான் திரும்புவதில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
இராஜாங்கம்