தையலக்காவின் மகனுக்காக

ஜூன் 3, புதன்

முதலில் ஒரு மன்னிப்பு. நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடப்பதில்லை. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறேன். மருந்துக் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன டைரி ஐந்து மாதமாக மேசையில் கிடந்தது. வீணாகப் போகிறதே என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது ஒன்று உண்டு. தலைமைச் சபையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஜெபத் தாளைச் சொல்ல வேண்டும்.

சபையில் வாரா வாரம் ஜெபத் தாளைத் தட்டச்சு செய்வது நான். பட்டம் வாங்கிய மறு வாரமே போதகர் என் தலையில் கட்டிவிட்டார். நோயாளிகள், பிரயாணிகள், தேர்வு எழுதுவோர், வழி தப்பியவர்கள் என்று நான்கு தலைப்பு. யாருக்கும் பெயர் போடுவதில்லை, உறவு மட்டும்தான். நான்காவது தலைப்பில் நான்கு வருஷமாக முதல் வரி: தையலக்காவின் மகன்.

தையலக்கா என் அம்மா.

அண்ணன் ஓர் ஆணை நேசிக்கிறான். அவரோடு வேறு ஊரில் வாழ்கிறான். — இந்த இரண்டு வாக்கியத்தை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. தாளில் கூட.

ஜூன் 6, சனி

சபை மூப்பர்கள் கூட்டம் மூன்று மணி நேரம். அடுத்த அறையில் நான் காத்திருந்தேன். ஒருபால் ஈர்ப்புள்ளவர்களைத் திருந்த வேண்டியவர்கள் என்று பொதுவில் குறிப்பிடக் கூடாது, அன்போடு ஏற்க வேண்டும், ஆனால் போதனையில் மாற்றமில்லை என்கிறது சுற்றறிக்கை. மூன்று முறை படித்தேன். ஏற்க வேண்டும், மாற்றமில்லை. இரண்டையும் எப்படி ஒரே கையில் பிடிப்பது?

மீசை மூப்பர் மட்டும் சத்தமாகக் கேட்டார். "போன வருஷம் பாவம். இந்த வருஷம் சுற்றறிக்கையா?"

வெளியே வந்த போதகர், அந்தத் தலைப்பே இனி வேண்டாம் என்றார். அதில் இருப்பவர்களை என்ன செய்வது என்று கேட்டேன்.

"நீயே பாத்துப் பண்ணும்மா. படிச்ச பொண்ணு."

குடிப்பவர்கள் இரண்டு பேரை நோயாளிகளில் போட்டேன். வேறு மதத்தில் கட்டிக்கொண்டு போன பெண்ணைப் பிரயாணிகளில். அண்ணனை எங்கே போடுவது? பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு ஏசி மெக்கானிக்காகப் போனான், நான் கல்லூரிக்குப் போக. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் அவனை இத்தனை நாள் அந்தத் தலைப்பின் கீழ் அடித்தேன். இன்று அழித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா?

ஜூன் 7, ஞாயிறு

அம்மா தாளை விரலால் தடவித் தடவிப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் ஆரம்பித்தாள்.

"நாலு வருஷமா நூறு பேரு என் புள்ளைக்காக முட்டி போட்டாங்க. அவனுக்குன்னு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டியே."

நான் என்ன செய்ய? கேவலப்படுத்துறாங்கன்னு நினைச்சு எடுத்தேன். அம்மாவுக்கு அது பாசமா இருந்திருக்கு. ரெண்டும் உண்மைன்னா நான் யார் பக்கம் நிக்கிறது?

ஜூன் 13, சனி

அண்ணனை மறுபடி போட்டுவிட்டேன். நோயாளிகள், ஆறாவது வரி. வேறு இடமில்லை.

ஜூன் 16, செவ்வாய்

இரண்டு நாளாக வீட்டில் ஆப்பிள் குவிகிறது. நான்கு வருஷமாக எங்கள் படியேறாதவர்கள் எல்லாம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாடகர் குழு அக்கா கண் கலங்கிக் கேட்டாள், "அடிக்கடி வருமா, தொடர்ந்து இருக்குமா?"

அம்மா தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டே, "இப்ப தேவலாம்" என்றாள்.

உள்ளே போய்த் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். அம்மாவின் முகம் இத்தனை நாளில் இல்லாத தெளிவாக இருந்தது. பிள்ளைக்கு நோய் என்றால் ஊர் வருகிறது.

ஜூன் 18, வியாழன்

மருத்துவமனைப் படிக்கட்டில் நின்று போனில் பேசினேன். அண்ணன்.

"மீசை மூப்பர் போன் பண்ணி உடம்பு எப்படின்னாரு. என்ன வியாதின்னு நீ சொல்லிட்டா மருந்தாவது வாங்கிக்குவேன்."

பின்னால் ஒரு குரல், "நோயாளி மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க" என்றது. அவர்தான். அண்ணன் சிரித்தான். அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அண்ணனுக்கு மனைவி என்றால் அண்ணி. இவரை என்னவென்று கூப்பிடுவது? வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

தாளை அவன் எப்படிப் பார்த்தான் என்று கேட்டேன். தாள் போகும் சபை வாட்ஸப் குழுவிலிருந்து அவனை யாரும் நீக்கவில்லையாம், அவனும் விலகவில்லையாம். நான்கு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் படித்திருக்கிறான்.

"நீதான் டைப் பண்றேன்னும் தெரியும். விடு. ஆனா ரெண்டு வாரம் முன்னாடி என்னக் காணோம். அம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன். அவ உசுரோட இருக்கிற வரைக்கும் என் வரிய எடுக்க விடமாட்டாளே."

கடைசியில், அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றான். "தனியா வரமாட்டேன். ரெண்டு பேரும் வரலாம்னா சொல்லு."

ஜூன் 19, வெள்ளி

சொல்லவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

சொன்னேன். எல்லாவற்றையும், அவன் பயந்ததை முதலில். அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"வாரா வாரம் படிச்சானா?"

"ஆமா."

"அப்போ நான் கடவுள்கிட்ட சொன்னதெல்லாம் அவன் காதுலயும் விழுந்திருக்கு."

அதன்பின் ஒரு ரவிக்கையின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். வரலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் நம்புவது எதுவும் மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் நம்புவது என்ன? தெரியலை. நிஜமாவே தெரியலை.

ஜூன் 24, புதன்

ஊசியில் நூல் கோத்தபடி, என்னைப் பார்க்காமல்:

"அந்தப் பையன் காரம் சாப்பிடுவானா?"

ஜூன் 27, சனி

நாளை மதியம் வருகிறார்கள். அம்மா தரையை இரண்டு முறை துடைத்துவிட்டாள். சபையில் கேட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்டதற்கு, "சாப்பிட வந்திருக்காங்கன்னு சொல்லு" என்றாள்.

இந்த வாரத் தாளில் அவனை எந்தத் தலைப்பிலும் போடவில்லை. அம்மா படித்தாள், மடித்தாள், பைக்குள் வைத்தாள். ஆனால் இன்றும் இரவு ஜெபத்தில் முழங்காலில் நின்றபோது அவள் உதடு அசைந்தது, 'அவனைத் திருத்தும்' என்ற பழைய வார்த்தைக்குத்தான். எனக்குத் தெரியும், பக்கத்திலேயே இருந்தேன்.

எல்லாருடைய விண்ணப்பத்தையும் அடித்திருக்கிறேன், எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம். சரியா தவறா என்று தெரியாமல் கேட்கலாமா என்றும் பயம். இன்று கேட்டுவிடுகிறேன்.

ஆண்டவரே, அம்மாவின் விண்ணப்பம் நான்கு வருஷமாக உம்மிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதேயும், அவள் மனம் நொந்துபோகும். அப்படியே வைத்துக்கொள்ளும்.

தயவுசெய்து, நிறைவேற்றி மட்டும் விடாதேயும்.