ஏறாத வளையல்

இன்று காலை உன் பாப்பாவுக்குக் கறுப்பு வளையல் போட்டேன். சட்டென்று ஏறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான். நானோ அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாதத்தை அழுத்திப் பார்த்தேன். வீக்கம் இல்லை. அப்படியும் மனசு ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

உன் வளைகாப்புதான் கண்ணுக்குள் நிற்கிறது. நீ என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே கொல்லையில் கரும்புக்குக் காய்ந்த சோகை உரித்தவர்கள் நாம். உன் வளையல் அளவு எனக்குத் தெரியாதா? அதே அளவுதான் வாங்கினேன். அன்றைக்கு விரல் முட்டியைத் தாண்டவில்லை. சோப்பு நுரை தடவி இழுத்தேன்.

"யக்கா, மெதுவாக்கா! மில்லுக்குப் போற டிராக்டர் கூட இப்டி இழுக்காது."

கூட்டமே சிரித்தது. "தலச்சன் புள்ள, நீர் கோத்துக்கினு இருக்குது. பெரிய அளவா எட்த்தாங்கடி," என்றார் அத்தை. அதற்கு முந்தின மாதம் நர்சம்மா பார்த்தபோது உன் பிரஷர் சரியாகத்தான் இருந்தது. யாருக்கும் பயம் வரவில்லை. பெரிய வளையல் வந்தது, போட்டோம்.

அந்த வாரமே, "தல பொளக்குதுக்கா. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது," என்றாய். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வலிப்பு. வண்டியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வளையல்கள் மோதி மோதி உடைந்தன. மாதம் நிறையாத குழந்தையை எடுத்தார்கள். உன்னை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவர முடியவில்லை.

கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பாப்பாவின் நெஞ்சை ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருக்கிறது என்றார். உனக்கு வந்ததுபோல் கை வீங்கித் தாய்க்குப் பிரஷர் ஏறினால் நஞ்சுக்கொடி வழியாகப் போகும் ரத்தம் கம்மியாகலாம், பிள்ளையின் இதயத்துக்கு வேலை ஜாஸ்தியாகலாம், சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பெரும்பாலும் தானே சரியாகும் என்றார்.

"பால் குடிக்கும்போது நெத்தி வேர்க்குதா, மூச்சு வாங்குதான்னு மட்டும் பாத்துக்குங்க."

அதையே பிடித்துக்கொண்டேன். பால் கொடுக்கும்போதெல்லாம் நெற்றியைத் தொடுகிறேன். தொட்டதும் உறிஞ்சுவதை நிறுத்துகிறாள். நிறுத்தினால் எனக்குப் பயம், மறுபடியும் தொடுகிறேன்.

"இன்னாங்க அண்ணி, பால் குடுக்குறீங்களா, போலீஸ் வேல பாக்குறீங்களா?" என்கிறான் உன் வீட்டுக்காரன். கேலி பண்ணிவிட்டு அவனும் குனிந்து நெற்றியைத்தான் பார்க்கிறான்.

இன்றைக்கு மறுபடியும் படம் எடுத்தார்கள். நெஞ்சில் சில்லென்று பசை தடவியதும் கறுப்பு வளையல் கையை உதறிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா திரையையே பார்த்தார். நான் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

"தடிப்பு நல்லா கொறைஞ்சிருக்குது. மருந்து வேணாம். செக்கப்ப மட்டும் வுட்றாதீங்க. பெரியவளானாலும் பிரஷர் பாத்துக்கினே இருக்கணும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புட்டியைக் கொடுத்தேன். நடுவில் நிறுத்தாமல் குடித்து முடித்தாள். நெற்றி காய்ந்திருந்தது. வியர்த்தது எனக்குத்தான்.

இந்த நல்ல சேதியை உனக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் ஒன்று என்னை விடவில்லை. வெள்ளிக்கிழமை அடுத்த தெருவில் வளைகாப்பு. போவேன். வளையல் முட்டியில் நின்றால் சோப்பு கேட்க மாட்டேன். நல்ல நாளில் அபசகுனம் என்று யார் திட்டினாலும் சரி, அந்தப் பெண்ணை அப்படியே எழுப்பி, பிரஷர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவேன்.