நான்கு நிமிட அட்டவணை

மூன்றாம் தேதி, பிற்பகல்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் இப்போது நலம். ‘இப்போது’ என்பதைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஐந்து வாரமாக நான் அலுவலகம் போகவில்லை. மஞ்சள் காமாலை. வேலை அதிகம் என்று போனில் சொன்னதெல்லாம் படுத்தபடி சொன்னது. அதற்கு முன் பத்து நாள் காய்ச்சலோடுதான் வேலைக்குப் போனேன். மேலாளர்தான் என் முகத்தைப் பார்த்து, “நீ கண்ணாடியே பாக்கறதில்லையாம்மா?” என்றார். ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். மூன்று போதாதா என்று பேரம் பேசினேன். “கல்லீரலுக்குக் காது கெடையாது, அதுகிட்ட பேசிப் பிரயோஜனமில்ல” என்றார்.

கீழ் வீட்டுத் தையல்கார அக்கா இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து தருகிறார். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார், துணியை அளப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு.

முதல் வாரம் தூங்கினேன். அதன்பின் ஜன்னல்தான் பொழுதுபோக்கு. என் அறை மூன்றாம் மாடி. எதிரே பேருந்து முனையம். மூன்று வருடமாக நான் அட்டவணை போடுவது இந்தப் பேருந்துகளுக்குத்தான். ஆனால் விடிந்ததும் போய் இருட்டியபின் திரும்பிய எனக்கு அந்த ஜன்னல் திறக்கும் என்பதே தெரியாது.

என் அட்டவணையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஒரு நடை முடிந்து அடுத்த நடை கிளம்பும்வரை வண்டி பத்து நிமிடம் நிற்கும். அதை நான் நான்காக்கினேன். இரண்டு பேருந்து மிச்சமானது, எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள்கூட, “எம்பொண்ணு போட்ட டைம்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்” என்று டிப்போ முழுக்கச் சொன்னதாக அம்மா சொன்னாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தது இது. வண்டி வந்து நிற்கும். ஓட்டுநர் இறங்கி, டைம் கீப்பரின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஏறுவார். ஒருவர் மட்டும் இறங்காமல் ஒரு காலை வெளியே நீட்டி, மடக்கி, உள்ளே இழுத்துக்கொள்வார். கழிப்பறை முனையத்தின் மறுகோடியில், பழைய டயர்கள் குவிந்திருக்கும் இடத்துக்குப் பின்னால். அந்தப் பக்கம் யாரும் போய் நான் பார்க்கவில்லை.

நான்காவது வாரம் நடக்கலாம் என்றார் டாக்டர். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கழிப்பறைக்கு நடந்து திரும்பினேன். பதினொரு நிமிடம். நோயாளியின் கணக்கு செல்லாது என்று அக்காவை நடக்கச் சொன்னேன். “நடக்கறதுக்கெல்லாமா பரீட்சை வைப்பாங்க?” என்று முணுமுணுத்தாலும் வேகமாகத்தான் போனார். போகவர மட்டுமே ஆறரை நிமிடம்.

மூச்சு வாங்கியதால் பெஞ்சில் உட்கார்ந்தேன். பணி முடிந்த ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் இருந்தார், உங்கள் வயதுதான். உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். நான் தயங்கித் தயங்கி, நான்கு நிமிடத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தண்ணி குடிச்சாத்தானம்மா போகணும்? குடிக்கறதில்ல.” பிறகு, “இந்த நாலு நிமிஷத்தக் கண்டுபுடிச்ச புண்ணியவான் என் வண்டியில ஏறட்டும். கடைசி ஸ்டாப் வரைக்கும் எறக்கிவிட மாட்டேன்” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அது நான்தான் என்று சொல்லவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போனில் பேசினேன், பத்து நிமிடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. அடுத்த மாதம் இதே அட்டவணை மற்ற டிப்போக்களுக்கும் போகிறது. உங்கள் டிப்போ பட்டியலில் மூன்றாவது. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டார். துணை மேலாளர் பதவிக்கு என் பெயரை எழுதியதே அந்த நான்கு நிமிடத்துக்காகத்தானாம். கடைசியில், “பதினஞ்சாம் தேதி கூட்டத்துல நீயே எழுந்து சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன்” என்றார்.

பதினான்கு பேர் உட்காரும் கூட்டம். எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் சேரப் போனபோது என் பெயரையே நீங்கள்தான் சொன்னீர்கள். ஆனாலும் இந்த முறை எழுந்து நிற்பதாக இருக்கிறேன். பதவி கைநழுவினால் அம்மாவிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். போனில் கேட்டால் “எனக்கென்னம்மா கொறச்சல்” என்று முடித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், காலையில் அம்மா உங்களுக்கு நிரப்பித் தந்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். கொண்டுபோனது எதற்கு என்று அவள் திட்டுவாள். மிச்சத் தண்ணீரை நான்தான் குடிப்பேன். எனக்காக மிச்சம் வைத்ததாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் உங்களுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் வேண்டும்? கூட்டத்துக்கு முன்னால் எழுதி அனுப்புங்கள். எனக்காகக் குறைத்து எழுத வேண்டாம். அதுவரை ஒன்றே ஒன்று செய்யுங்கள், அப்பா. நாளையிலிருந்து அந்த பாட்டில் காலியாக வீட்டுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகள்