முதல் வரிசையில் உட்காராதே

அன்பு மகளுக்கு,

ஈரேழு பதினான்கு உலகத்திலும் லிஃப்ட் பழுதுபார்ப்பதில் தனக்கு நிகர் தானே என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்ளும் உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, உன் சித்தியின் கோபம் ஆகிய மூவரும் சுகம். நீ அங்கே வெளிநாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறோம், நம்பாமல் வேறு வழியும் இல்லை. மருத்துவமனை லிஃப்ட் மறுபடி நான்காம் மாடியில் சத்தியாக்கிரகம் செய்தது, நான் போய் ஒரு முறை முறைத்தேன், நகர்ந்துவிட்டது. குளியலறைக் குழாய் மட்டும் என் முறைப்புக்கு மசியாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நீ போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் சித்தப்பா, இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது, நம்பலாமா வேண்டாமா, எங்கே ஆரம்பிப்பது என்று ஒன்றும் புரியவில்லை, சித்தியிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லிவிடாதீர்கள், அவள் மனசு உடைந்துவிடும் என்றாய். பெற்றவள் போனபின் உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் தன் சாமியிடம் உனக்காக மனுக் கொடுத்துவிட்டுத்தான் எனக்குக் காப்பி. உன் பயம் நியாயம்தான். என் வாய்க்குப் பூட்டுப் போட்டு, சாவியை லிஃப்ட் குழியில் போட்டுவிட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் செய்தேன், நினைவிருக்கிறதா. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் உன் சந்தேகங்கள்.

இந்த விஷயத்தில் என் அறிவை ஊசிமுனையில் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அதனால் என்னோடு வேலை செய்கிற, நாங்கள் ஆமை என்று பட்டப்பெயர் வைத்திருக்கிற ஆளைப் பிடித்தேன். அவன் ஒரு ஸ்குரூவைக் கழற்றி முடிப்பதற்குள் கட்டிடத்துக்கே நரை விழுந்துவிடும், ஆனால் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், சொன்னது எல்லாம் நிதானமான பேச்சு. வேதப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லுங்கண்ணே, யார் யாருக்கு அப்பன்னு வர்ற இடத்துல பாப்பா தூங்கிடும், இயேசு என்ன செஞ்சாரு என்ன சொன்னாருன்னு நாலு சுவிசேஷம் இருக்கு, அதுல சின்னதா பார்த்து ஒரே மூச்சுல படிக்கட்டும் என்றான். ஜெபம் பண்ணத் தெரியாதே அவளுக்கு என்றேன். நீங்க இருக்கீங்களான்னே எனக்குத் தெரியலைன்னு ஆரம்பிச்சாக்கூட அது ஜெபம்தாண்ணே என்றான். எனக்கே அது பிடித்திருந்தது. என் தொழிலிலிருந்து நானும் ஒன்று சேர்க்கிறேன். லிஃப்ட் கதவு வெளியிலிருந்து திறப்பது பெரிதில்லை, உள்ளேயிருந்தும் திறக்கிறதா என்று பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். எந்தச் சபைக்குப் போனாலும் அதைப் பார். குடைந்து குடைந்து கேள்வி கேட்கிறவளிடம் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது, விட்டுப் போனவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கவனி. நாளைக்கே ஞானஸ்நானம் என்று அவசரப்படுத்தினால் உன் செருப்பைத் தேடு. தனிமையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் முடிவு எடுக்காதே. எவனாவது ஒரு பையனுக்காக என்றால் அதைத் தனிக் கடிதமாக எழுது, அதற்கு நான் வேறு மாதிரி பதில் வைத்திருக்கிறேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். உன் சித்தப்பனுக்கு நிறுத்தத் தெரிந்திருந்தால் இந்த வம்சம் எங்கேயோ போயிருக்கும். நேரில் பார்க்காமல் என் மகளுக்கு யோசனை சொல்வதா என்று போன ஞாயிற்றுக்கிழமை ஆமையின் சர்ச்சுக்கே போய்விட்டேன், இஸ்திரி போட்ட சட்டையோடு. சினிமாவுக்குப் போனவன் மாதிரி நல்ல இடம் என்று முதல் வரிசையில் உட்கார்ந்தேன். நீ அந்தத் தப்பைச் செய்யாதே, நடுவில் உட்கார். முன்னால் யாரும் இல்லாததால் எப்போது எழுவது எப்போது உட்காருவது என்று தெரியாமல், அத்தனை பேரும் எழுந்தபோது நான் உட்கார்ந்தேன், உட்கார்ந்தபோது எழுந்தேன். பிறகு போதகர், புதிதாக வந்தவர்கள் எழுந்து நின்று தங்களை அறிமுகப்படுத்தலாம் என்றார். சும்மா பெயரைச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு ஜனம், கையில் மைக், விடுவேனா. வெளிநாட்டில் என் மகள் இயேசுவைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு முன்னோடியாக உளவு பார்க்க வந்திருக்கிறேன், வீட்டம்மாவுக்கு இது தெரியாது, நீங்களும் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்னர்போல் முழங்கினேன்.

கடைசி வரிசையிலிருந்து, இப்ப தெரிஞ்சிடுச்சு என்று ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தால் உன் சித்தி. கல்யாணத்துக்குக்கூட இஸ்திரி போடாத மனுஷன் காலங்காத்தால பவுடர் பூசிக்கிட்டு எங்க போறான்னு பின்னாலேயே வந்தேன் என்றாள், மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. சர்ச்சே சிரித்தது, ஆமை மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். மகளே, உன் ரகசியத்தை இருநூறு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் உடைத்துவிட்டேன். இப்போது கத்திக்கொள்.

வீடு வந்து சேர்ந்தோம். சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. நான் மெல்லப் போய் நின்றேன். ஏங்க, என்கிட்ட சொன்னா நான் என்ன அவளைக் கடிச்சா தின்னுடுவேன் என்றாள். அவளைச் சுட்டது நீ சர்ச்சுக்குப் போனதல்ல, அதை எனக்குச் சொல்லி அவளுக்குச் சொல்லாததுதான். பிறகு இன்னொன்றும் கேட்டாள், குரல் இறங்கிவிட்டது. நாளைக்கு லீவுல வரும்போது நான் சாமி முன்னால கண்ணை மூடி நிக்கிறதைப் பாத்து அவ சிரிப்பாளா, என் கையால குடுக்கறதைச் சாப்பிடுவாளா என்றாள். இதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். உனக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான். நீ எதை நம்பினாலும் முதலில் அவளிடம் சொல், அவள் நம்புவதைப் பற்றி மரியாதையாகப் பேசு.

மறுநாள் ஆமை வீட்டுக்கு வந்தான், அவனை உட்கார வைத்து விசாரணைக் கமிஷன் நடத்தினாள். ஞானஸ்நானம்னா தலை முழுசா முங்கணுமா, தண்ணி வெதுவெதுன்னு இருக்குமா, வெளிய வந்தா யாரு தலை துவட்டுவாங்க என்றாள். யாராவது இருப்பாங்கக்கா என்றான். யாராவதுன்னா யாரு, அவளுக்குத் தலை ஈரமா இருந்தா உடனே தும்மல் வரும், உங்காளுங்களுக்கு அது தெரியுமா என்றாள். சாயங்காலம் கடைக்குப் போய், ஒரு யானையையே துவட்டலாம் என்கிற அளவில் ஒரு துண்டு வாங்கிவந்து உன் அலமாரியில் வைத்திருக்கிறாள். அவ இறங்கறதா இருந்தா நான் கரையில நிப்பேன், வேண்டாம்னு முடிவு பண்ணினா குளிக்க ஆச்சு என்கிறாள்.

எல்லா நன்மையும் உன்னைச் சூழ்ந்திருக்கட்டும், உன் புத்தியும் மனசும் ஒரே வண்டியில் போகட்டும். இதைப் படித்து முடித்ததும் போன் செய், எனக்கு இல்லை, அவளுக்கு.

என்றும் உன் நன்மையை நாடும்,
சித்தப்பா