தெற்கிலிருந்து வரும் குளிர்

ஏட்டி,

இன்று சாயங்காலம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் வானிலை சொன்னார்கள். நாளை மெல்பர்ன் முழுக்க மழையாம். மத்தியானத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று வருமாம், குளிர் கூடுமாம். தெற்குக் காற்று என்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடச் சிரிக்க நீ இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. புளித்தண்ணீரில் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன்.

மெல்பர்னை ஒட்டின டண்டினொங்கில் காய்கறி பாக்கெட் போடும் வேலைக்கு நாம் சேர்ந்த புதுசு. நான் தென்காசிக்காரி, நீ முல்லைத்தீவுக்காரி. இந்த ஊர்க் குளிர் இரண்டு பேருக்கும் தெரியாது. அப்போதும் இதே மே மாதக் கடைசிதான். மறுநாள் தெற்குக் காற்று என்று போனில் பார்த்துவிட்டு நான் பெரிய மேதாவி மாதிரி அளந்தேன்.

"ஏட்டி, தெக்கேருந்து வந்தா அது தென்றல்லா! குத்தாலத்துல சொகமா அடிக்கும் பாரு, அப்படி இருக்கும். நாளைக்குக் கோட்டெல்லாம் எதுக்கு?"

நீயும் நம்பிவிட்டாய். மறுநாள் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோமே, அப்பப்பா! இங்கே தெற்கே போகப்போகப் பனிக்கட்டிதான் என்பது நம் இரண்டு மரமண்டைக்கும் தோன்றவில்லை. பல் தந்தியடிக்க நீ சொன்னாய்: "அக்கா, உங்கட தென்றல் என்ர காதைக் கடிச்சுப் போட்டுது." பஸ்ஸில் ஏறிய பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தோம். சினேகிதம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அதன்பிறகு வானிலையை நீதான் பார்த்துச் சொல்வாய். விளையாட்டுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நீ உன் அம்மாவோடு போனில் பேசுவதைக் கேட்டேன். மழை, காற்று, மரத்தில் இலை கொட்டுவது, மறுபடியும் மழை. "வேற ஒண்ணுமே பேச மாட்டியா, ஏட்டி?" என்று கிண்டல் செய்தேன்.

"விசா வந்திட்டுதோ எண்டு அவ கேக்கமுதல் நான் மழையைத் தொடங்கிடுவன் அக்கா" என்றாய்.

அகதியாகப் படகில் வந்தவள் நீ. கையில் இருந்தது தற்காலிக விசா, காத்திருந்தது நிரந்தர விசாவுக்கு. அம்மாவைப் பார்க்கப் போனால் திரும்பி வர முடியாது. நானோ வருஷா வருஷம் இந்தக் குளிருக்குப் பயந்து தென்காசிக்கு ஓடிவிடுவேன். திரும்பி வந்ததும் நீ கேட்பாய், "அங்க காத்து எப்பிடி அக்கா?" சாரல், அருவி, அம்மா கைச் சாப்பாடு என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். நீ கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாய். "விசா வரட்டும், உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று வேறு சொல்வேன். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன், பாவி!

போன வருஷம் இதே நாட்களில் உனக்கு இருமல். "தடிமன்தான் அக்கா" என்றாய். தடிமன் என்றால் உங்கள் ஊரில் ஜலதோஷம். எங்கள் ஊரில் பருமன். "நல்லாத்தான் தடிச்சிருக்க" என்று கேலி பேசினேன். அந்த இருமல் நெஞ்சுக்குள் இறங்கி உன்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. நீ திரும்பவில்லை. விசாவும் வரவில்லை.

உன்னைக் கொண்டுபோன அன்று தூறிக்கொண்டே இருந்தது. உன் அம்மா பார்ப்பதற்காக நான் போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் கத்தவில்லை. "பிள்ளையை மழையில நனைய விடாதேங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுகிறார். மழை பெய்கிறதா, குளிர்கிறதா என்று கேட்கிறார். நானும் உன்னைப் போலவே அதையே நீட்டி முழக்குகிறேன். போன வாரம் குறுக்கே மறித்துவிட்டார்: "உங்களுக்கு விசாக் கரைச்சல் இல்லைத்தானே பிள்ளை? ஒருக்கா வாங்கோவன். என்ர பிள்ளையோட பழகின ஆளை நான் தொட்டுப் பாக்க வேணும்."

டிக்கெட் போட்டுவிட்டேன், ஏட்டி. நான் வந்து இறங்கும்போது உன் அம்மா வாசலிலேயே நிற்பாராம். எனக்குப் பின்னால் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று அவர் எட்டிப் பார்த்துவிட்டால் நான் என்னடி செய்வேன்?